மாவாட்டும் சமூகவியல்

ஆபீஸில் யாருக்காவது மேனேஜரிடம் டோஸ் விழுந்தால், சீட்டுக்குத் திரும்பி வந்து முதலில் சொல்லும் டயலாக் ஒன்று உண்டு. "இதுக்குப் பேசாம ஊர்ல போய் மாவாட்டலாம்டா!" சொல்கிற ஆசாமி ஆயுளில் ஓர் ஆழாக்கு உளுந்துகூட ஆட்டியிருக்க மாட்டார். அது வேறு விஷயம். தமிழில் மட்டமான வேலைக்கு உதாரணம் கேட்டால் உடனே நாக்கில் வருவது மாவாட்டுவதுதான். ஆனால் அந்த மட்டமான வேலையைத்தான் நம் பாட்டிமார்கள் சம்பளம், இன்க்ரிமென்ட், கேஷுவல் லீவ் இத்யாதி எதுவும் இல்லாமல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாவாட்டுவதில் ஒரு மகா தத்துவம் இருக்கிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். கார்ல் மார்க்ஸ் சிரித்திருக்க மாட்டார். சமூகம் எப்படி மாறுகிறது என்று விளக்க 1847ல் அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே மாவரைக்கும் இயந்திரம்தான். கையால் சுற்றுகிற காலத்துக்கு ஒருவித எஜமான், நீராவியில் சுற்றுகிற காலத்துக்கு வேறுவித எஜமான் என்பது அவர் கட்சி. அதாவது, கருவி மாறினால் சமூகமும் மாறும்.

ஜெர்மனியிலேயே இன்னொருவர், மாக்ஸ் வெபர், 1904-05ல் வேறு கோணத்தில் வந்தார். மனிதர்களின் மத நம்பிக்கையும் மனப்போக்கும்கூடப் பொருளாதாரத்தையே புரட்டிப்போடும் என்றார். கருவியா, கலாசாரமா? புரொஃபஸர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். இந்தச் சண்டையைத் தீர்க்க லைப்ரரிக்குப் போக வேண்டாம், நம் வீட்டுச் சமையலறையே போதும் என்பது என் கட்சி.

எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கல் ஒன்று இருந்தது. ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை ஆட்டி எழுந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால்தான் பல கிராமங்களில் இட்லி என்பது தீபாவளி, பொங்கலுக்கு வருகிற வி.ஐ.பி.யாக இருந்தது. மற்ற நாட்களில் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி. அரிசிக்கும் பஞ்சம், ஆட்டுவதற்குத் தெம்பும் பஞ்சம்.

பிறகு கிரைண்டர் வந்தது. பம்ப்செட் மோட்டார் செய்து பழகிய கோயம்புத்தூர், கல்லையும் மோட்டாரையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. (இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருள்!) ஆட்டுக்கல்லில் கல் சும்மா இருக்கும், குழவி சுற்றும். கிரைண்டரிலோ கல் சுற்றும், குழவி இடத்தை விட்டு நகராது. உலகமே தலைகீழானது. 2011ல் தமிழக அரசே விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்ததும் குடிசைக்குள்ளும் கல் சுற்றியது. இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு தலைமுறைப் பெண்களின் தோளையும் மணிக்கட்டையும் காப்பாற்றிய யந்திரம் அது.

சரி, மிச்சமான நேரம் எங்கே போச்சு?

இங்கேதான் ஓர் அமெரிக்கப் பெண்மணி வருகிறார். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை. 1983ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை'. அமெரிக்காவில் ஆலை மாவு வந்தபோது, தானியத்தை இடித்து, அரைவைக்குச் சுமந்துபோன ஆண்களுக்கு விடுதலை கிடைத்தது. பெண்களுக்கோ, நைஸ் மாவில் விதவிதமாக ரொட்டியும் கேக்கும் செய்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. வாஷிங் மெஷின் வந்தது. முன்பு வெளியே போட்ட அழுக்குத் துணியெல்லாம் வீட்டுக்கே திரும்பி வந்தது. யந்திரம் வேலையைக் குறைக்க, எதிர்பார்ப்பு வேலையைக் கூட்டியது.

நம்மூரிலும் அதே கதைதான். கிரைண்டரோடு ரேஷன் அரிசியும் சேர, பண்டிகை இட்லி தினசரி இட்லி ஆனது. மிக்ஸி வந்ததும் ஒரு சட்னி மூன்று சட்னி ஆனது. "தக்காளிச் சட்னி இல்லியா?" என்று தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற ஜாதி அம்மிக்கல் காலத்தில் அவ்வளவாகக் கிடையாது. ஃப்ரிட்ஜ் வந்ததும் வாரத்துக்கு ஒரே அரைப்பு. அதற்கு ஒதுக்கப்பட்ட நாள் ஞாயிறு. ஆபீஸ் போகும் பெண்ணுக்கு இருந்த ஒரே லீவு நாளும் காலி! 2012ல் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் வரும் வரை விழித்திருந்து அகால வேளையில் மாவரைத்தது யார் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சந்தேகப்படுபவர்களுக்கு மத்திய அரசின் கணக்கு இருக்கிறது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று 2019ல் நாடு முழுக்க ஒரு சர்வே எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் ஏதாவது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான் இது. நாலில் மூன்று பங்கு ஆண்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 2024ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிஷம். பத்து நிமிஷம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்கள் கணக்கையும் பார்த்தேன். 88! அவர்களும் ஒன்பது நிமிஷத்தைக் கழற்றிவிட்டார்கள். என்ன ஒரு சமத்துவம்!

இந்த அவஸ்தைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனவர் வில்லியம் ஆக்பர்ன் என்ற அமெரிக்க சமூகவியலாளர். 'கலாசாரப் பின்னடைவு' என்றார், 1922ல். யந்திரம் எக்ஸ்பிரஸ் வண்டி, பழக்கவழக்கம் பாஸஞ்சர் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டும் ஒரே தண்டவாளத்தில்தான் போகின்றன, ஆனால் ஒன்று வந்து பல காலம் கழித்துத்தான் மற்றது வரும். அவர் காட்டிய உதாரணம் இது: அமெரிக்கத் தொழிற்சாலை யந்திரங்கள் 1870 வாக்கிலேயே தொழிலாளிகளின் கை கால்களை நசுக்க ஆரம்பித்துவிட்டன. அவர்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டங்கள் 1910ஐ ஒட்டித்தான் வந்தன. இடையில் நாற்பது வருஷம், எத்தனையோ விரல்கள்.

நம் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள், ஆக்பர்னை நேரிலேயே பார்க்கலாம். மிக்ஸி வந்து அம்மியைச் சமையலறையிலிருந்து துரத்திவிட்டது. ஆனால் முகூர்த்த நேரத்தில் எங்கிருந்தோ ஓர் அம்மி ஆஜராகிறது. மிதிப்பதற்கு! அதில் இனி யாரும் அரைக்கப் போவதில்லை. இருந்தாலும், அரைக்க வேண்டியவள் யார் என்ற பழைய ஏற்பாடு மட்டும் புடவை நகையோடு புக்ககம் போய்விடுகிறது.

எங்கள் ஆபீஸில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "உங்க வீட்ல கிரைண்டரைக் கழுவறது யாரு?"

"என்ன சார் கேள்வி இது? அதான் மெஷின் அரைக்குதே!" என்றார் ஒருவர்.

"சுவிட்ச் நான்தான் சார் போடுவேன்!" என்றார் இன்னொருவர், மார்பை நிமிர்த்தி.

மூன்றாமவர் ரசிகர். "என்ன இருந்தாலும் ஆட்டுக்கல்லுல ஆட்டின ருசி வராது சார்." நான் கவனித்த வரையில், இந்த ருசியைச் சிலாகிப்பவர்கள் எவரும் குழவியைத் தொட்டவர்களாக இல்லை.

நாலாமவர்தான் விஞ்ஞானி. "ஆம்பளைக்கு அந்தப் பக்குவம் வராது சார். அது கை வாகு" என்றார். அவர் தினமும் டிபன் சாப்பிடுகிற ஹோட்டலில் மாவரைப்பவர் ஆண், சரக்கு மாஸ்டர் ஆண், தோசை மாஸ்டரும் ஆண். அங்கே வருகிற பக்குவம் வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது எங்கே போகிறது? சம்பளக் கவரோடு போகிறது! காசு கொடுத்தால் ஆண் வேலை, காசு இல்லாவிட்டால் பெண் வேலை. கல் ஒன்றுதான், அரிசி உளுந்தும் ஒன்றுதான்.

தெருவுக்கு ஒரு வீட்டில் 'இங்கு இட்லி மாவு கிடைக்கும்' என்று அட்டை தொங்குகிறதே, அதையும் கவனியுங்கள். அதே கிரைண்டர், அதே பெண்மணி. ஆனால் மாவு பாக்கெட்டுக்குள் போய் விலை ஏறியதும், வீட்டுக்காரர் அரிசி மூட்டை தூக்குகிறார், ஸ்கூட்டரில் டெலிவரி போகிறார். யந்திரம் சாதிக்காததைக் கல்லாப்பெட்டி சாதித்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு: யந்திரம் நேரத்தை மிச்சம் பிடிக்கும், சரி. மிச்சம் பிடித்த நேரத்தை யார் பாக்கெட்டில் போடுவது என்பதை அது முடிவு செய்யாது. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள், பெரும்பாலும் வாயைத் திறக்காமலே. தொழிற்சாலைக்காவது ஒரு நாள் சட்டம் வந்தது. கிரைண்டரைக் கழுவ எந்த சட்டசபையும் மசோதா கொண்டுவராது.

பொண்ணு பார்க்கப் போய், "வேலைக்குப் போற பொண்ணாத்தான் வேணும்" என்று கண்டிஷன் போடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு சம்பளம் வரும் வீட்டில் ஒரே ஆள் மட்டும் மாவரைத்தால், அது நீங்கள் நினைக்கிற மாடர்ன் குடும்பம் அல்ல. பாட்டி காலத்துக் கொல்லைதான், மொஸைக் போட்டிருக்கிறது.

செய்முறை சுலபம். அரிசி நாலு மணி நேரம் ஊற வேண்டும், உளுந்துக்கு அவ்வளவுகூட வேண்டாம். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பொங்கப் பொங்க அரைத்து எடுங்கள். அப்புறம் அரிசி. கடைசியாகக் கல்லைக் கழற்றிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதுதான் முக்கியம், தப்பிக்கப் பார்க்காதீர்கள்! நாற்பது வருஷப் பின்னடைவை அரை நாளில் தாண்டிவிடலாம்.

அதன்பிறகு மேனேஜர் திட்டினால், "பேசாம மாவாட்டப் போறேன்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். இந்தத் தடவை அனுபவஸ்தர் சொன்ன மாதிரி இருக்கும்.