கடன் கடிதம் வந்தால் கணக்குக் கேளுங்கள்

பிரிட்டனில் டாக்ஸ் கிரெடிட் திட்டம் 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பெயரில் ஏறிய கடன் மட்டும் முடியவில்லை. ‘உங்களுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிட்டோம்’ என்று பழைய கணக்கைச் சொல்லி, யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையில் மாதாமாதம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் முதியோர் பராமரிப்பிலும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கவலை உண்டு. அரசாங்கக் கடிதம் என்றதும் பலர் பயந்து ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். கட்டுவதற்கு முன் கணக்கைக் கேட்பது அவர்களுடைய உரிமை.

பொய் சொல்லாமலே வந்த கடன்

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் கைகொடுக்க 2003 ஏப்ரலில் இந்தத் திட்டம் தொடங்கியது. நடத்தியது வரித்துறை, இப்போதைய எச்.எம்.ஆர்.சி. சிக்கல் கணக்குப் போடும் முறையிலேயே இருந்தது. போன ஆண்டு வருமானத்தை வைத்து இந்த ஆண்டுப் பணத்தைக் கொடுப்பார்கள். ஆண்டு முடிந்த பிறகு உண்மையான வருமானத்தோடு ஒப்பிடுவார்கள்.

ஓர் உதாரணம். கணவனும் மனைவியும் ஓவர்டைம் பார்த்ததில் ஆண்டு வருமானம் 6,000 பவுண்ட் கூடியது என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தின் கடைசி ஆண்டுகளின் விதிப்படி முதல் 2,500 பவுண்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மீதி 3,500-க்கு 41 சதவீதம், அதாவது 1,435 பவுண்ட், கூடுதலாக வாங்கிய பணமாகிவிடும். அந்தப் பணமோ வாடகைக்கும் பள்ளிச் சீருடைக்கும் எப்போதோ செலவாகியிருக்கும்.

முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 19 லட்சம் குடும்பங்களுக்கு இப்படி அதிகப் பணம் போனது. நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி ஆன் ஆபிரகாம் 2005-இலும் 2007-இலும் இதைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை கொடுத்தார். கணக்கில் சேர்க்காத வருமான உயர்வின் வரம்பை 2006-இல் 25,000 பவுண்டாக உயர்த்தினார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து, 2016-இல் பழைய 2,500-க்கே கொண்டுவந்து விட்டார்கள். சுமை மறுபடியும் குடும்பங்களின் தலையில் விழுந்தது.

தட்டிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது

மோசடியையும் பிழையையும் கண்டுபிடிக்கும் வேலையை 2014-இல் கான்சென்ட்ரிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் எச்.எம்.ஆர்.சி. ஒப்படைத்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் பலரிடம், ‘வீட்டில் உங்களோடு ஓர் ஆண் வாழ்கிறார்’ என்று சொல்லிப் பணத்தை நிறுத்தினார்கள். ஓர் இளம் தாயோடு வாழ்வதாகச் சொல்லப்பட்ட ஆணின் பெயர் ஜோசஃப் ரவுண்ட்ரீ. அவர் 1925-இலேயே இறந்துபோன கொடையாளர். அந்தப் பெண் குடியிருந்த வீட்டை நிர்வகிக்கும் அறக்கட்டளைக்கு அவருடைய பெயர். மறுபரிசீலனை கேட்டவர்களில் பெரும்பாலானோருக்குச் சாதகமாக முடிவு மாறியது. 2016 நவம்பரில் ஒப்பந்தமே முடிவுக்கு வந்தது. அந்த அனுபவத்தை மறக்கக் கூடாது: அச்சடித்து வந்த முடிவு என்பதாலேயே அது சரியாகிவிடாது.

இரண்டு வழிகள்

உதவி தேடும்போது முதலில் தெளிவாக வேண்டியது, தவறு எங்கே இருக்கிறது என்பதே.

முடிவே தவறு என்றால், அதாவது வருமானத்தையோ பிள்ளைகளின் எண்ணிக்கையையோ வேலை நேரத்தையோ தப்பாக எடுத்திருந்தால், மறுபரிசீலனை கேட்க வேண்டும். முடிவின் தேதியிலிருந்து 30 நாள் அவகாசம். தக்க காரணம் இருந்தால் தாமதமாகவும் ஏற்பார்கள். அதிலும் தீரவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

தொகை சரிதான், ஆனால் அலுவலகத்தின் தவறால்தான் கூடுதல் பணம் வந்தது என்றால், வழி வேறு. டி.சி.846 படிவத்திலோ கடிதத்திலோ, அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று ஆட்சேபிக்கலாம். இதற்குப் பொதுவாக மூன்று மாத அவகாசம். நீங்கள் உங்கள் கடமையைச் செய்து, அவர்கள் தங்கள் கடமையில் தவறியிருந்தால் பணத்தைக் கேட்கக் கூடாது என்பது எச்.எம்.ஆர்.சி.யின் சொந்த விதி. மாற்றங்களை உரிய காலத்தில் சொன்னீர்களா, வந்த அறிவிப்பைச் சரிபார்த்தீர்களா, பிழை இருந்ததை 30 நாளுக்குள் தெரிவித்தீர்களா என்று பார்ப்பார்கள். ‘போனில் சொன்னேனே’ என்பவர்கள், தங்களைப் பற்றி அலுவலகம் வைத்திருக்கும் தகவல்களை, அழைப்புப் பதிவு உட்பட, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ஆட்சேபம் அனுப்பியதால் மட்டும் பிடித்தம் தானாக நின்றுவிடாது. அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

கடன் இப்போது யுனிவர்சல் கிரெடிட்டை நடத்தும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் கைக்கு மாறியிருக்கலாம். அப்போதும் கடன் சரியா என்ற கேள்வி எச்.எம்.ஆர்.சி.க்கே போக வேண்டும். மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதைத்தான் அந்தத் துறையிடம் பேச வேண்டும். யுனிவர்சல் கிரெடிட் அடிப்படைத் தொகையில் பிடித்தத்தின் பொது உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 25-இலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. அதுவும் தாங்காது என்றால் வரவுசெலவைக் காட்டி இன்னும் குறைக்கச் சொல்லலாம்.

யார் துணை?

1939 முதல் இயங்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால் ஆலோசகரே உங்களுக்காக எச்.எம்.ஆர்.சி.யிடம் பேசலாம். எச்.எம்.ஆர்.சி.யிடம் புகார் கொடுத்து, அங்கே இரண்டு கட்டமும் தாண்டியும் பலனில்லை என்றால், அத்தகைய புகார்களை விசாரிக்கும் அட்ஜுடிகேட்டர் அலுவலகம் இருக்கிறது. அதற்கு மேல், உங்கள் தொகுதி எம்.பி. வழியாக நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்காகப் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் வீடுகள் நிறைய. அந்தப் பாரத்தைப் பிள்ளைகள்மேல் ஏற்றாமல் ஆலோசகரிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பழைய கடனைக் கேட்கும் ஒவ்வொரு கடிதத்தோடும் எந்த ஆண்டு, எந்த வருமானம், எந்தக் கணக்கு என்ற விவரத்தை, கேட்காமலே அனுப்ப வேண்டும். ஏழைக் குடும்பத்தின் மாதப் பணத்தில் கை வைப்பவர்கள் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அது நடக்கும்வரை, கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது.