வயிற்றுக்கு இதமான செந்தேறல்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, புணரியல் பற்றி ஏதேனும் எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆயினும் சென்ற பழைய மாணவர் ஒன்றுகூடலிலே என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்ட வினா மனத்தை விட்டகலவில்லை. அவர் இருபது ஆண்டுகளாகக் கனடாவில் வாழ்பவர். “மச்சான், தேறல் தேறல் என்று வகுப்பில் படித்தோமே, வயிற்றைச் சுடாத தேறல் எதுவென்று எந்தப் புலவனாவது சொல்லியிருக்கிறானா?” என்றார். தொழில் நிமித்தம் செல்லும் விருந்துகளிற் சிவப்பு வைன் அருந்த நேர்கிறதாம். அருந்திய இரவெல்லாம் நெஞ்செரிவாம். வாய் சிரித்தது, கை மேல்வயிற்றைத் தடவிக்கொண்டேயிருந்தது.

கல்முனையில் வாழும் ஒரு தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவோ இது? மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நான் விருந்துண்ட இல்லங்களில் மதுக்கிண்ணத்துக்கு இடமில்லை. நானும் அதனைத் தொட்டவனல்லேன். எனினும் சொல்லுக்குப் பொருள் கூறுவது என் தொழில். தோழரின் வினாவிற் பாதி சொற்பொருள் பற்றியதே. மறுபாதியை நூல்களிற் படித்தும், மருத்துவம் பயின்ற பழைய மாணவரைக் கேட்டும் அறிந்துகொண்டேன்.

தேறல் என்பது தேறியது, அஃதாவது தெளிந்தது. வண்டல் கீழே படிய, மேலே தெளிந்து நிற்கும் மதுவே தேறல். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே, யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர அரசன் அருந்துவது கூறப்படுகிறது. இது வெறும் கற்பனையன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, யவனரின் இருகைச் சாடிகள் உடைந்த துண்டுகளாய் வெளிப்பட்டன. அவற்றுட் பல, இரட்டைத் தண்டு போன்ற கைப்பிடியுள்ள கொஸ் தீவின் பாணியில் அமைந்தவை.

கொஸ் தீவு, மருத்துவத்தின் தந்தை எனப்படும் இப்போக்கிரட்டீசு பிறந்த இடம். அத்தீவின் வைனுக்குக் கடல்நீர் கலப்பது வழக்கம். அதனைச் செய்யும் முறையை உரோமராகிய கேட்டோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துள்ளார். கடல்நீரை அளவறிந்து கலந்த வைன் தலையிடி தராது, மலத்தை இளக்கும், செரிமானத்துக்கு உதவும் என்று, கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த அதினேயசு என்பார் எழுதினார். வயிற்றை ஊதச்செய்யும் என்பதையும் அவர் மறைக்கவில்லை! ஆகவே எது வயிற்றுக்கு இதம் என்னும் ஆராய்ச்சி, நம் நாட்டுக்கு யவனக் கப்பல்கள் வந்த காலத்திலேயே இருந்தது.

இனி, தோழரின் கிண்ணத்துக்கு வருவோம். வைன் வல்லார் பேசும் மொழி புதிராகத் தோன்றினாலும், நம் அறுசுவையைக் கற்றவனுக்கு அஃது எளிது. சிவப்பு வைனிலே கவனிக்கவேண்டியவை மூன்று: துவர்ப்பு, புளிப்பு, மதுசாரம்.

துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. நாவற்பழம் தின்ற நாக்கையும், நெடுநேரம் ஊறவிட்ட தேயிலைச் சாயத்தையும் நினைத்துக்கொள்க. வெறுவயிற்றில் அத்தகைய சாயத்தைக் குடித்துக் குமட்டியவர்களுக்குத் துவர்ப்பு செய்யும் வேலையை விளக்கவேண்டியதில்லை. கபர்னே சோவின்யோன் என்னும் திராட்சை தடித்த தோலுடையது, துவர்ப்பு மிக்கது. பினோ நுவார் மெல்லிய தோலுடையது, துவர்ப்புக் குறைந்தது. பிரான்சின் போஜொலே மாவட்டத்தில் விளையும் காமே என்னும் திராட்சையோ இன்னும் மென்மையானது. அங்கே பழத்தை நசுக்காமல், குலைகுலையாகவே மூடிய தொட்டியில் இட்டு, கரியமிலவாயு நிறைந்த நிலையிற் புளிக்கவைப்பர். பழத்தின் உள்ளேயே புளிப்பு தொடங்குவதால், தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காமற் பழமணம் மட்டும் மேலோங்குகிறது. பழமணம் வேறு, இனிப்பு வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கொய்யாவின் மணம் அறை முழுதும் பரவும், கடித்தாற் சருக்கரை போல் இராது.

புளிப்பில் ஒரு விந்தை உண்டு. திராட்சையில் இயல்பாக உள்ள புளியில் ஒரு பகுதி ஆப்பிளின் புளி, கூர்மையானது. பெரும்பாலான சிவப்பு வைன்களில், முதற் புளிப்பு முடிந்தபின் நுண்ணுயிர்கள் அதனைத் தயிரின் புளியாக மாற்றுகின்றன. நம் பகுதியின் எருமைத் தயிரை அறிந்தவர்களுக்கு அப்புளியின் மென்மையைச் சொல்லித்தர வேண்டுமோ? ஆனால் அதே நுண்ணுயிர்கள் சிலவேளை இசுத்தமின் என்னும் பொருளையும் உண்டாக்கும். அது சிலருக்கு முகம் சிவத்தலையும் தலையிடியையும் தரவல்லது. வெப்பநாட்டு மெர்லோ, கிரனாஷ் முதலியவற்றிற் புளிப்புக் குறைவு; ஆனால் வெயிலிற் பழுத்த பழத்திற் சருக்கரை மிகுதியாகையால் மதுசாரம் நூற்றுக்கு 14 வரையும், அதற்கு மேலும் ஏறும். ஒன்று குறைய மற்றொன்று ஏறும். போத்தலின் ஒட்டுத்தாளில் 12 அல்லது 12.5 என்று காணப்படும், துவர்ப்புக் குறைந்த வைனையே நான் தோழருக்குச் சொல்வேன். அதுவும் ஒரு சிறு கிண்ணம், சோறுண்டபின்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மருத்துவ அன்பர் எனக்கு உரைத்ததை மறைப்பது முறையன்று. வைனின் புளிப்பு இரைப்பையில் ஏற்கெனவே சுரக்கும் அமிலத்துக்கு முன்னே மிகச் சிறிது. எரிவுக்குக் காரணம் வேறு. புளிக்கவைத்த மதுவகைகள் இரைப்பையைத் தூண்டி மேலும் அமிலம் சுரக்கச் செய்கின்றன; உணவுக்குழாயின் அடிவாயிலை மூடும் தசையையும் தளர்த்துகின்றன. அமிலம் மேலெழுகிறது, நெஞ்சு எரிகிறது. எந்தத் திராட்சையாயினும் இச்செயல் முற்றாக ஒழிவதில்லை. இரைப்பையிற் புண் இருந்தாலோ போஜொலேயும் பகையே. அப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் கவலையும் காரமும் அல்ல. ஒரு நுண்ணுயிரும், அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகளுமே. நுண்ணுயிரின் பங்கை வெளிப்படுத்திய ஆஸ்திரேலியராகிய மார்சலுக்கும் வாரனுக்கும் 2005இல் நொபெல் பரிசு கிடைத்தது. மாத்திரையும் மதுவும் ஒருங்கே சேர்ந்தால் இரைப்பையிற் குருதி கசியும் ஆபத்து மிகும். இவை ஒருபுறமிருக்க, தீங்கற்ற மது அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்ததையும் தோழருக்கு எழுதினேன். இவ்வளவும் எழுதிவிட்டு, “முழங்கால் நோவுக்கு நீர் நாள்தோறும் என்ன விழுங்குகிறீர்?” என்றொரு வரியும் சேர்த்தேன்.

மூன்று கிழமை கழித்து மறுமொழி வந்தது. விழுங்கியது இபுபுரோபன். மூச்சுப் பரிசோதனையில் அந்த நுண்ணுயிரும் அகப்பட்டதாம். இரண்டு கிழமைக்கு மருந்து கொடுத்திருக்கிறார்களாம். அதுவரை கிண்ணத்தைத் தொடக்கூடாதென்று கட்டளையாம். கடிதத்தின் அடியிலே, “மருந்து முடிந்ததும் அந்தப் போஜொலேயின் பெயரை மறுபடி எழுதி அனுப்பும்” என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் அனுப்பவில்லை.