ஓடினது குதிரை, முடி சூடினது முதலாளி

ஊத்துக்கோட்டைப் பக்கம் ராத்திரி கபடிப் போட்டி என்றால் முதலில் கண்ணில் படுவது ஃபிளெக்ஸ்தான். நடுவில் தலைவர், ஆளுயரத்துக்கு. ஆடப்போகிற பையன்கள் அடிவரிசையில், பொடிப்பொடியாக. ஒலிம்பியாவிலும் இதே கதைதான் என்றால் நம்புவீர்களா? வாருங்கள், மேடைக்குப் பின்பக்கமாக நுழைவோம்!

பழைய கிரேக்க ஒலிம்பிக்கில் குதிரை, தேர்ப் பந்தயங்களின் ஆலிவ் முடி ஓட்டினவனுக்கு இல்லை, குதிரைக்குச் சொந்தக்காரருக்கு. கி.மு. 476-இல் ஓடி ஜெயித்தது பெரனிகோஸ் என்ற குதிரை. வெற்றியாளர்? சிரக்யூஸ் சர்வாதிகாரி ஹியரோன்! புகழ்பாட பிண்டார், பாக்கிலிடீஸ் என்று இரண்டு பெருங்கவிஞர்கள். பாட்டில் குதிரையின் பெயர்கூட உண்டு; ஏறி ஓட்டினவன் பெயர் கிடையாது.

இதைவிட ருசியானது கிமோன் கதை. ஏதென்ஸ் சர்வாதிகாரி பைசிஸ்ட்ராடஸ் ஊரைவிட்டுத் துரத்திய பணக்காரர் இவர். வெளியூரில் இருந்தபடியே ஒலிம்பிக் தேர்ப்பந்தயத்தில் ஜெயித்தார். அடுத்த ஒலிம்பிக்கில் அதே பெண்குதிரைகள் மறுபடி ஜெயிக்க, மனுஷர் என்ன செய்தார் தெரியுமோ? வெற்றியைப் பைசிஸ்ட்ராடஸ் பெயருக்கு மொய் எழுதிவிட்டார்! ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. மூன்றாம் முறையும் அதே குதிரைகள், அதே வெற்றி. அதற்குள் பைசிஸ்ட்ராடஸ் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் பிள்ளைகள் ஆள் வைத்து இருட்டில் கிமோனைத் தீர்த்துக்கட்டினார்கள். விடாமல் ஜெயிக்கிறவனை எந்த அரண்மனைக்குப் பிடிக்கும்? குதிரைகளை அவர் சமாதிக்கு எதிரிலேயே புதைத்தார்கள்.

ரோமப் பேரரசர் நீரோ கூத்து தனி. கி.பி. 67 ஒலிம்பிக்கில் பத்துக் குதிரை பூட்டிய தேரைத் தானே ஓட்டி, கீழே விழுந்து, பந்தயத்தை முடிக்காமலே முடி சூட்டிக்கொண்டார். நடுவர்களுக்குப் பணமும் ரோமக் குடியுரிமையும் போய்ச் சேர்ந்தன. அடேயப்பா!

நம்ம பக்கம் இதற்கு நெருங்கின சொந்தம் ஜல்லிக்கட்டு. வாடிவாசல் மைக்கில் காளையோடு சொந்தக்காரர் பெயரும் முழங்கும். முன்னாள் அமைச்சர் சி. விஜயபாஸ்கரே காளை வளர்ப்பவர்தான். ஆனால் இங்கே மாட்டைப் பிடிக்கிற பையனுக்கும் கார் உண்டு. அந்த விஷயத்தில் கிரேக்கரைவிட நாம் தேவலை.

அரசியல்வாதி நினைத்ததெல்லாம் நடந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினா கொதித்துக்கொண்டிருக்க, கையில் அவசரச் சட்டத்தோடு அலங்காநல்லூர் வாடிவாசலைத் திறந்துவைக்க மதுரைக்குப் போனார் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம். நிரந்தரச் சட்டம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள். 22-ஆம் தேதி முதல்வர் திறக்காமலே சென்னை திரும்பினார். மறுநாள் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. அலங்காநல்லூரில் காளைகள் சீறிக்கொண்டு வெளியே வந்தது பிப்ரவரி 10-இல்தான்.