எனாமல் பெயர்ந்தால் என்ன செய்வது?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய எனாமல் தட்டோ குவளையோ கிடந்தால் கீழே இறக்கிப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கும். மேலே வெள்ளை, அதன் கீழே கருநீலம் அல்லது கறுப்பு, நடுவில் பழுப்புத் துரு என மூன்று நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். ஒரு பாத்திரம் எப்படி உருவாயிற்று, எப்படி அழிகிறது என்னும் இரண்டு கதைகளையும் அந்தச் சிறு வடு சொல்லிவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் முள்ளுக்குறிச்சி. மலைக்கு ஏறும் சாலைகளில் ஒன்று இவ்வூர் வழியாகச் செல்கிறது. மேலே போகப் போகக் குளிர் கூடும். மழைக்காலத்தில் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு நகரும். இத்தகைய ஈரக் காற்றில் பூச்சு பெயர்ந்த இரும்பு எவ்வளவு நாள் தாங்கும்? அந்த இரும்பு தினமும் நெருப்பையும் சாம்பலையும் சுமக்கும் கரி அடுப்பாக இருந்தால்? இதைப் புரிந்துகொள்ள, முதலில் எனாமல் என்றால் என்னவென்று பார்ப்போம்.

இரும்புக்குக் கண்ணாடிச் சட்டை

எனாமல் என்பது பெயின்ட் அன்று. அது உண்மையில் கண்ணாடி. மணல், பெல்ஸ்பார், வெண்காரம் முதலியவற்றை உருக்கி, அந்தக் குழம்பை நீரில் கொட்டிச் சில்லுகளாக்குவார்கள். அச்சில்லுகளைக் களிமண்ணும் நீரும் சேர்த்து மாவாக அரைப்பார்கள். சுத்தம் செய்த இரும்புத் தகட்டை இந்தக் குழம்பில் முக்கி, உலர்த்தி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் சில நிமிடங்கள் சுடுவார்கள். பொடி உருகி இரும்பின் மேல் கண்ணாடியாகப் படியும்.

முதல் பூச்சில் கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் ஆக்சைடுகள் சிறிதளவு இருக்கும். இரும்பையும் கண்ணாடியையும் கெட்டியாகப் பிணைப்பவை இவையே. நீங்கள் கண்ட கருநீல வளையத்துக்குக் காரணமும் இவைதாம். இதன்மேல் வெள்ளைப் பூச்சு இட்டு மீண்டும் சுடுவார்கள். எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு கனம்தான் இருக்கும்.

இரும்புப் பாத்திரங்களுக்கு எனாமல் பூசும் முறை 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் தோன்றியது. அமெரிக்காவில் 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல் மிதவை செய்யும் இரும்புக் கோளத்தை இரண்டாக வெட்டி மூடியுள்ள கரி அடுப்பு ஒன்றைச் செய்தார். இறைச்சியையும் மீனையும் மூடி போட்டு, புகையில் மெல்ல வேகவைக்கும் அத்தகைய அடுப்புகளுக்கு இன்றும் உள்ளும் புறமும் எனாமல் பூசுகிறார்கள். இப்போது அவை நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன.

ஏன் பெயர்கிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரும்பின் நீள்விரிவு எண், டிகிரிக்கு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 12 பங்கு. எனாமலுக்கு இது ஏறத்தாழ 9 பங்கு. 30 சென்டிமீட்டர் தட்டு 300 டிகிரி சூடேறினால் இரும்பு 1.08 மில்லிமீட்டர் நீளும். எனாமலோ 0.81 மில்லிமீட்டர்தான் நீள விரும்பும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களுக்குள் கால் மில்லிமீட்டர் தகராறு!

அப்படியானால் எல்லா எனாமலும் உடனே உடைய வேண்டாமா? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. உலையிலிருந்து வெளியே வந்து ஆறும்போது இரும்பு அதிகமாகச் சுருங்குகிறது. அது தன்மேல் உள்ள கண்ணாடியையும் சேர்த்து இறுக்குகிறது. கண்ணாடி இழுவிசையைத் தாங்காது. அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆகவே இந்த இறுக்கமே எனாமலுக்குப் பலம். ஆனால் காய்ந்த அடுப்பின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டினால், மேற்பரப்பு மட்டும் திடீரெனச் சுருங்க முயன்று இழுவிசைக்கு ஆளாகிறது. மயிரிழை போல் விரிசல் விழுகிறது. விளிம்புகளிலோ அந்த இறுக்கமே பூச்சை வெளிப்புறமாகத் தள்ளும். அடி படுவதும் அங்கேதான். அதனால்தான் முதலில் விளிம்பில் பெயர்கிறது.

மூன்று காவலர்கள்

உலோகத்தைக் காக்கும் பூச்சுகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. கொல்லிமலையில் வெட்டிய பாக்சைட் தாது ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. அலுமினியப் பாத்திரத்தின் மேல் சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலம் இருக்கிறது. அதைக் கீறினால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் மீண்டும் உண்டாகிவிடும். இது தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் காவலன்.

துத்தநாகம் பூசிய வாளி வேறு வகை. அதைக் கீறினால் இரும்பு வெளியே தெரியும். ஆனாலும் உடனே துருப்பிடிக்காது. துத்தநாகம் இரும்பைவிட வினைத்திறன் மிக்கது. எனவே இரும்புக்குப் பதிலாகத் தானே கரைகிறது. இது தன்னைத் தியாகம் செய்யும் காவலன்.

எனாமலோ வெறும் மதில் சுவர். நிற்கும் வரை நீரையும் காற்றையும் அண்ட விடாது. இடிந்த இடத்தில் அது எதுவும் செய்யாது. துரு, தான் உண்டான இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். சில்லின் ஓரத்தை நெம்பித் தள்ளும். கரி அடுப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாம்பலில் உள்ள உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிவைக்கும். இரவெல்லாம் சாம்பலோடு கிடக்கும் அடுப்பு விரைவில் ஓட்டையாவது இதனால்தான்.

பழுதுபார்ப்பது எப்படி?

உண்மையான எனாமலை வீட்டில் ஒட்டுப்போட முடியாது. மறுபடி 800 டிகிரியில் சுட வேண்டும். ஆனால் அழிவைத் தடுத்து நிறுத்தலாம்.

1. ஆறிய அடுப்பிலிருந்து சாம்பலை முழுதும் அகற்றுங்கள். ஆடும் சில்லுகளைத் தட்டி எடுத்துவிடுங்கள். கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும்; அவை கண்ணாடித் துண்டுகள்.

2. துருவை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான இரும்பு தெரிந்ததும் துடைத்து உலர்த்துங்கள்.

3. வெளிப்புறமானால், சிலிகோன் கலந்த வெப்பந்தாங்கும் பெயின்ட் பூசலாம். சாதாரண எண்ணெய்ப் பெயின்ட் கருகிப் புகையும்.

4. உட்புறமானால் பெயின்ட் வேண்டாம். சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிச் சூடேற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகும். புதிய தோசைக்கல்லைப் பழக்குவதும் இதே வேதியியல்தான்.

5. கனன்ற கரி எனாமலை நேரே தொடக் கூடாது. கரித்தட்டு வைத்தோ மண் பூசியோ பிரித்து வையுங்கள். ஊதிவிட்ட கரி 1000 டிகிரியைத் தாண்டும். சேலம் கஞ்சமலையின் இரும்புத் தாதுவை நம் முன்னோர் மரக்கரியால்தான் உருக்கினர். அந்தச் சூட்டில் எனாமல் இளகிவிடும்.

பாத்திரத்துக்கு இரக்கம் வேண்டாம்

அடுப்பைப் பழுதுபார்க்கலாம். உட்புறம் பெயர்ந்த சமையல் பாத்திரத்தை மட்டும் கழித்துவிடுங்கள். அதில் தெரியும் இரும்பு நஞ்சன்று. ஆனால் உணவில் விழும் கண்ணாடிச் சில்லு ஆபத்தானது. பழைய எனாமல்களின் நிறப்பொருள்களில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். 1928இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து நிகழ்ச்சி ஒன்று பதிவாகியுள்ளது. மலிவான எனாமல் வாளிகளில் இரவு முழுவதும் வைத்திருந்த எலுமிச்சைப் பானத்தைக் குடித்த சுமார் 70 பேர் நோயுற்றனர். எனாமலில் இருந்த ஆண்டிமனியை எலுமிச்சையின் அமிலம் கரைத்துவிட்டிருந்தது. நம் வீட்டுப் புளிக்குழம்பும் அமிலமே!

இன்னொரு எச்சரிக்கை. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி மலை ஊர்களிலிருந்து அவ்வப்போது வருகிறது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. சிவந்து புகையில்லாமல் எரியும் கரியிலிருந்தும் அது வரும். அடுப்பு எவ்வளவு நல்லதாயினும் அதன் இடம் திறந்த வெளியே.

செய்து பாருங்கள்

கழித்துப்போட்ட எனாமல் தட்டில் இரண்டு வடுக்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் உப்புத்தாளால் தேயுங்கள். ஒன்றில் மட்டும் எண்ணெய் தடவுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டுத் துண்டு ஒன்றில் ஆணியால் ஆழமாகக் கீறுங்கள். மாலையில் மூன்று இடங்களிலும் ஒரு சொட்டு உப்புநீர் விடுங்கள். காலையில் எங்கே பழுப்பு நிறம், எங்கே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்த விடைக்குக் காரணத்தை உங்கள் வகுப்பு நண்பர்களோடு விவாதியுங்கள்.