பழைய லேப்டாப்புக்குப் புதிய டிஸ்க்: தகவல்களை இழக்காமல் மாற்றுவது எப்படி?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கி அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அந்த லேப்டாப்கள் உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை, குனியமுத்தூர் பகுதி வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அன்று பிளஸ் டூ படித்தவர் இன்று வேலைக்குப் போகிறார். லேப்டாப் தம்பி, தங்கையின் படிப்புக்கோ அத்தாவின் கடைக் கணக்குக்கோ கை மாறியிருக்கும். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை வந்திருக்காது என்ற புலம்பலும் கூடவே இருக்கும்.

இந்த மந்தத்துக்குப் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது, ஒரு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. வருடங்கள் போகப் போக அது தேயும், ஒருநாள் நின்றும் போகும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகை டிஸ்க்கில் நகரும் பாகமே கிடையாது. அதை மாற்றினால் பழைய லேப்டாப்பும் நன்றாக வேகம் எடுக்கும். விண்டோஸ், டாலி, பைல்கள் எல்லாவற்றையும் பழைய டிஸ்க்கில் இருந்தபடியே புதியதற்குப் படியெடுக்கலாம். இதைத்தான் கடைகளில் ‘குளோன் போடுவது’ என்கிறார்கள்.

ஆபத்து எங்கே?

குளோன் செய்யும்போது, எந்த டிஸ்க்கை ‘இலக்கு’ என்று தேர்வு செய்கிறோமோ அதில் இருப்பது முழுவதும் அழியும். மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தேர்ந்தெடுத்தால், காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்படும். நிக்காஹ் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பத்திரம், உம்மாவின் பென்ஷன் காகிதங்கள், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் போய்விடும். குளோன் என்பது இடமாற்றம் மட்டுமே, அது பாதுகாப்பு நகல் ஆகாது. அந்த நகலை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

தொடங்கும் முன்

1. முக்கியமான போட்டோ, ஆவணங்கள், டாலி பேக்கப் ஆகியவற்றை பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகலெடுங்கள். வேறொரு கணினியில் போட்டு நாலைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். பிறகு அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

2. பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் ‘நல்லது’, ‘எச்சரிக்கை’, ‘மோசம்’ என்று காட்டிவிடும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் குளோன் முயற்சியே வேண்டாம். உடனே ஆஃப் செய்து, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். தேய்ந்த டிஸ்க்கை முழுமையாகப் படிக்க வைப்பதே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம்.

3. புதிய டிஸ்க் வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். பழையது 500 ஜி.பி. என்றால் 480 ஜி.பி. டிஸ்க் அதைவிடச் சிறியது. சில மென்பொருள்கள் சிறிய டிஸ்க்குக்குக் குளோன் செய்ய மறுக்கும். அதே அளவோ அதைவிடப் பெரியதோ வாங்கினால் சிக்கல் இல்லை. பழைய லேப்டாப்களுக்கு இரண்டரை அங்குல சாட்டா வகைதான் பொருந்தும். கூடவே யூ.எஸ்.பி. - சாட்டா கேபிள் ஒன்றும் வாங்குங்கள்.

4. லேப்டாப்பில் ‘பிட்லாக்கர்’ பூட்டு இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, பூட்டை நீக்கிய பிறகு குளோன் செய்யுங்கள்.

குளோன் செய்யும்போது

எஸ்.எஸ்.டி. தயாரிக்கும் சில நிறுவனங்கள் தங்கள் டிஸ்க்குக்கான குளோன் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. ‘குளோன்ஸில்லா’வும் இலவசம். இது தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது, பென் டிரைவிலிருந்து ஓடும். ‘கிராக்’ செய்த மென்பொருளைத் தொடாதீர்கள். உங்கள் முழு டிஸ்க்கையும் யாரோ ஒருவரின் கையில் கொடுப்பதற்குச் சமம் அது.

இரண்டு டிஸ்க்குகளின் லேபிளிலும் உள்ள நிறுவனப் பெயர், மாடல் எண், அளவு ஆகியவற்றைக் காகிதத்தில் ‘பழையது’, ‘புதியது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். திரையில் மூலம், இலக்கு என்று கேட்கும்போது அந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி ‘ஓகே’ கொடுக்கும் முன் வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் இரண்டு நிமிடம் பல வருடத்துத் தகவல்களைக் காப்பாற்றும்.

சி டிரைவை மட்டும் எடுத்தால் போதாது, முழு டிஸ்க்கையும் எடுக்க வேண்டும். கணினியைக் கிளப்பும் பகுதி தனிச் சிறு பிரிவில் இருக்கும். அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருக்கிறது. பிரித்து எடுத்தால் இரண்டுமே கிளம்பாமல் போகலாம்.

சார்ஜர் செருகியே இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யூ.பி.எஸ். அவசியம். மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். சில மணி நேரம் ஆகலாம், நடுவில் கேபிளை அசைக்கக் கூடாது.

முடிந்த பிறகு

லேப்டாப்பை ஆஃப் செய்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதியதை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே அடையாள எண் மோதிக் குழப்பம் வரும். கிளம்பாவிட்டால் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் உரிமம் பொதுவாக மதர்போர்டைச் சார்ந்தது என்பதால் டிஸ்க் மாற்றியதும் போய்விடாது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துவிட்டது. டிஸ்க் மாற்றினால் வேகம் கூடும், பாதுகாப்பு கூடாது. பழைய டிஸ்க்கில் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். தேதி எழுதி ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு விற்பதோ கொடுப்பதோ என்றால், ‘குயிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு எல்லாப் பிரிவுகளையும் முழு பார்மட் செய்யுங்கள். குயிக் பார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து குடும்பப் போட்டோக்களையும் ஆதார் நகலையும் எளிதாக மீட்டுவிட முடியும்.

இந்த வேலையைத் தாங்களே செய்யத் தயங்குபவர்கள் கடையில் கொடுக்கலாம். அப்போதும் முதல் படியை, அதாவது தனி நகலை, வீட்டிலேயே முடித்துவிட்டுக் கொடுங்கள். பழைய டிஸ்க்கையும் மறக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள்.