ஊசிக்கும் எண் உண்டு

உங்கள் தெருவில் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா இருந்தால், பாறைக்கு எப்படி வெடி வைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் டிரில் போட்டுத் துளை எடுப்பார்கள். துளை வெடிக்குச்சியைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குச்சி உள்ளே போகாது. துணியில் ஊசி செய்வதும் இதே வேலைதான்.

ஊசிக் காதில் நூல் மடங்கி இரட்டையாகிறது. அந்த இரட்டைப் பருமனுக்கு வழி கிடைக்காவிட்டால் துணி நூலை உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்திலேயே நூல் பஞ்சாகப் பிரிந்து பளபளப்பு போய்விடும். ஊசி ரொம்பப் பருமனாக இருந்தாலோ தையலைச் சுற்றி ஓட்டை தெரியும். பட்டில் அது மறையவே மறையாது.

எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது. அந்த இழைகள் பக்கம் பக்கமாகப் படுக்கத்தான் எம்பிராய்டரி ஊசிக்கு நீளமான காது. எண் கூடக் கூட ஊசி மெலியும்: ஆறு இழையும் கோத்தால் 3 அல்லது 4ஆம் எண், இரண்டு இழைக்கு 8 அல்லது 9. புல்லியன் தையல் போடுகிறவர்களுக்கு வேறு ஊசி. அதில் நூலை ஊசியின் மேல் பல சுற்று சுற்றி, பிறகு ஊசியை உருவ வேண்டும். காதுப் பக்கம் புடைத்திருந்தால் சுருள் அங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் காதும் உடலும் ஒரே பருமனாக உள்ள ஊசி வேண்டும்.

கூர்மைதான் எப்போதும் நல்லதா? தார்வாட் பக்கத்துக் கசூதி வேலையைப் பாருங்கள். துணியில் படம் வரைவதே இல்லை. இழைகளை எண்ணி எண்ணித்தான் கோபுரமும் தேரும் வருகின்றன. எவ்வளவு அழகான கணக்கு! இப்படி எண்ணித் தைக்கும்போது கூர்முனை இழையையே பிளந்துவிடும். மழுங்கிய முனை இழையை ஒதுக்கிவிட்டு இடைவெளியில் நுழையும். கிராஸ் ஸ்டிச்சுக்கும் அதுவே.

ஊசி எஃகால் ஆனது. மேலே நிக்கல் பூசியிருப்பார்கள். பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வையின் உப்பும் ஈரமும் பட்டுத் துரு ஏறும். துரு நூலைக் கறையாக்கும், அறுக்கும். அதனால் சில ஊசிகளின் காதுக்கு மட்டும் தங்க முலாம் பூசுகிறார்கள். தங்கம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேராது, துருவே பிடிக்காது. நூலும் வழுக்கிக்கொண்டு ஓடும். 2001இல் சுரங்கத்தை மூடும்வரை, 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் நம் ஊர்க்காரர்கள் வெட்டியெடுத்த அதே தங்கம்! ஆனால் முழு ஊசியையும் தங்கத்தில் செய்ய முடியாது. அது மென்மையான உலோகம். கெட்டித் துணியில் குத்தினால் வளைந்துவிடும்.