குடிமதிப்பும் முன்னணையும்

கிறிஸ்துமஸ் பற்றி நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. அது மதப் பண்டிகை, நமக்கு அங்கே வேலையில்லை என்பது ஒன்று. அது சந்தையின் பண்டிகை, நட்சத்திரமும் கேக்கும் விற்கும் பருவம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கிறிஸ்தவராக இருப்பதாலேயே சட்டரீதியான உரிமைகளை இழந்து நிற்கும் ஒரு சேரிக் குடும்பம், கடன் வாங்கியாவது வாசலில் காகித நட்சத்திரம் கட்டுகிறதே, அது ஏன் என்பதற்கு இந்த இரண்டிலும் பதில் இல்லை. 'ஏமாந்துபோன சனங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிவதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பண்டிகைக்கு அடியில் கிடக்கும் கதையாடலை விளிம்பிலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள். அங்கே முதலில் 'பிறப்பது' குழந்தை அல்ல, கட்டளை. ரோமப் பேரரசன் அகஸ்டஸின் கட்டளை. எல்லோரும் தத்தம் பூர்வீக ஊருக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். இதற்கு அந்த மொழிபெயர்ப்பு தரும் சொல் 'குடிமதிப்பு'. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ற இன்றைய சொல்லில் மறைந்துபோன ஒன்று இதில் வெளிப்படையாக நிற்கிறது: குடிகளை மதிப்பிடுவது; யார் எந்த வகை, யாருக்கு என்ன மதிப்பு என்று அதிகாரம் எழுதிவைப்பது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போக வேண்டியிருந்தது இந்தக் கணக்குக்காகத்தான். போன இடத்தில் தங்க இடமில்லை. பிள்ளையைக் கிடத்தியது முன்னணையில், அதாவது மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டியில். செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது, ராத்திரி முழுக்க வெட்டவெளியில் கண்விழித்து மந்தை காத்தவர்களுக்கு. மத்தேயுவின் பிரதி இன்னும் கொடூரமானது. ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். குடும்பம் எகிப்துக்கு அகதியாக ஓடுகிறது.

அப்படியொரு கணக்கெடுப்பு அப்போது நடந்ததா என்று வரலாற்றாளர்கள் கேட்டிருக்கிறார்கள். டிசம்பர் 25 என்ற தேதியும் சுவிசேஷங்களில் இல்லை. நான்காம் நூற்றாண்டு ரோமில்தான் அதற்குச் சான்று கிடைக்கிறது. நியாயமான கேள்விகள். என்னை இழுப்பது வேறு. ஒரு சமூகம் தன் கடவுள் பிறந்த கதையைச் சொல்லும்போது அரசின் பதிவேட்டையும், இடமின்மையையும், படுகொலையையும், அகதி வாழ்வையும் விடாமல் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. பின்னால் வந்த குடில்களில் வைக்கோலும் பொம்மை ஆடும் மிஞ்சின. பதிவேடும் ஏரோதும் காணாமல் போனார்கள்.

குடிமதிப்பு நமக்கு அந்நியமான சமாச்சாரம் இல்லை. 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். ஊருக்கு அவர் சேரிக்காரர்தான். தாலுகா ஆபீஸ் காகிதத்தில் மட்டும் தீண்டாமை ஒழிந்துவிட்டது. இதனால்தான் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் என்று ஒரே உடம்பில் இரண்டு ஆட்கள் வாழ வேண்டியிருக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் தந்த அறிக்கை இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணையங்கள் மாறுகின்றன, கேள்வி அதேதான்.

திருச்சபை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று உத்தரவிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சேர்ந்து உட்கார்வதைவிடக் கர்த்தரை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இந்த இரட்டை ஒதுக்கலுக்கு எதிராகத்தான் 1980களில் அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியலைப் பேசினார்கள். பின்னர் அவர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் அதற்கான துறையைப் பொறுப்பேற்று நடத்தினார். மதுரையில் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையில் அதைப் பாட்டாக்கினார். அவருடைய மையக் கருத்து 'ஒரே உலை': எல்லோரும் கொண்டுவந்ததைப் போட்டு, ஒரே அடுப்பில் பொங்கி, சாதி பாராமல் சேர்ந்து உண்பது. நற்கருணையை அவர் இந்த உலையிலிருந்து புரிந்துகொண்டார்.

இந்த உலையை மனதில் வைத்துக்கொண்டு நான் இருக்கும் பாலவாக்கத்தைப் பார்க்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே பங்களாக்கள். கடலோரத்தில் மீனவர் குப்பம். மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிப் போனால் துரைப்பாக்கம் கண்ணகி நகர், நகரத்தின் நடுவே குடிசைகளை இழந்தவர்களை 2000 முதல் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். அங்கிருந்து பெண்கள் காலையில் பஸ் பிடித்து இந்தப் பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிறார்கள். டிசம்பரில் ஏழைகளுக்குப் போர்வையும் கேக்கும் வழங்கும் விழாக்கள் நடக்கும். கொடுப்பவர் மேடையில், வாங்குபவர் வரிசையில். போட்டோ எடுத்து முடிந்ததும் அவரவர் இடம் அவரவருக்கு. ஆனால் குடியிருப்புகளில் நடப்பது வேறு மாதிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெபவீட்டில் ராத்திரி ஆராதனை. மறுநாள் பக்கத்து இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் பிரியாணியோ பலகாரமோ போகிறது. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் அது திரும்பி வரும். இங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பிரிக்க முடியாது. 'எங்கள மாதிரி எடம் இல்லாம பொறந்தவரு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த இறையியல் கல்லூரியும் சொல்லிக்கொடுத்ததல்ல இந்த வாசிப்பு. அன்றைய ராத்திரி இங்கே விழித்திருப்பவர்களும் ஏ.டி.எம். வாசல் செக்யூரிட்டி, குப்பை லாரித் தொழிலாளி, கடலுக்குப் போகும் மீனவர்தான். செய்தி அன்று போன முகவரிகளும் இவைதானே.

டிசம்பர் 25க்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. 1968இல் அதே நாள் இரவில்தான் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட நிலவுடைமையாளரை விடுதலை செய்தது. 2004 டிசம்பர் 26, பண்டிகைக்கு மறுநாள் காலை, சுனாமி. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8000 பேர் மாண்டார்கள். பிறகு நாகப்பட்டினம் பகுதி நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. சாவுக்குப் பிறகும் சத்திரத்தில் இடமில்லை. வெண்மணி நினைவு நாளையும் கிறிஸ்துமஸையும் இரண்டு முகாம்களின் தனித்தனி நாள்களாக நாம் வைத்திருக்கிறோம். ஏரோதை நீக்காமல் வாசித்தால் இரண்டும் ஒரே கதையின் பக்கங்கள்.

ஆகவே அந்தக் காகித நட்சத்திரத்தை நான் இப்படி வாசிக்கிறேன்: அரசு எழுதிவைத்த மதிப்பு கடைசி மதிப்பு அல்ல என்று, பதிவேட்டில் தோற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வாசலில் கட்டித் தொங்கவிடும் அறிவிப்பு. இதில் மயக்கமும் உண்டு, மறுப்பும் உண்டு. மறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போய் நிற்க வேண்டும். 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2027இல், சாதியையும் கேட்டு, நடத்துவதாக 2025இல் அறிவித்தார்கள். முந்தைய கணக்கெடுப்புகளில், மதம் கிறிஸ்தவம் என்று சொன்னவரைப் பட்டியல் சாதியில் பதிய வழியே இருந்ததில்லை. விசுவாசமா, உரிமையா, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்பதுதான் அந்தப் படிவத்தின் மொழி. இதைச் சர்ச் விவகாரம் என்று எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் ஒதுக்கிவிட முடியாது. வாழ்த்துச் சொல்வது இருக்கட்டும். அந்த மூன்றாம் பத்தியைப் பற்றி முதலில் பேசுவோம்.